லினக்ஸ் லேப்டாப்பில் சத்தம் வரவில்லை: உள்ளே இருப்பதைச் சரிசெய்வதா, வெளியே ஒன்று வாங்குவதா?

"லினக்ஸ் போட்டாச்சு. வைஃபை வருகிறது, திரை வெளிச்சம் கூடக் குறைய வேலை செய்கிறது. சத்தம் மட்டும் இல்லை. அமைப்புகளில் 'டம்மி அவுட்புட்' என்று காட்டுகிறது. பேசாமல் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிவிடவா?" 'டம்மி அவுட்புட்' என்றால், உண்மையான ஒலிச் சாதனம் எதுவும் கிடைக்காதபோது லினக்ஸ் காட்டும் போலிச் சாதனம். இந்தக் கேள்வி பல உருவங்களில் வருகிறது. ஒருவருக்கு ஹெட்ஃபோனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை. இன்னொருவருக்கு எல்லாம் கேட்கிறது, மீட்டிங்கில் பேசினால் அந்தப் பக்கம் ஒன்றும் போகவில்லை. மூன்றாமவர் புளூடூத் ஹெட்செட் வாங்கி, மைக்கை ஆன் செய்ததும் பாட்டு பழைய டெலிஃபோனில் கேட்பதுபோல் ஆகிவிட்டது என்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம். பெரும்பாலானோர் ஸ்பீக்கரை மனதில் வைத்து முடிவெடுக்கிறார்கள். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது மைக். கேட்பதற்கு வழிகள் நிறைய இருக்கின்றன. பேசுவதற்கு வழிகள் குறைவு, தவறாக வாங்கினால் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

லினக்ஸில் ஒலி இரண்டு அடுக்கில் நடக்கிறது. கீழே, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் அல்சா: யாரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கியது, 2.6 கர்னலோடு லினக்ஸின் முறையான ஒலி அமைப்பானது. சிப்போடு பேசுவது அதன் வேலை. மேலே, பல செயலிகளின் சத்தத்தைக் கலந்து சரியான சாதனத்துக்கு அனுப்பும் சேவை. முன்பு அது பல்ஸ்ஆடியோ. 2021இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு பைப்வயர் என்ற புதிய சேவைக்கு மாறியது, உபுண்டு 22.10இலும் அதுவே இயல்பு.

எந்த அடுக்கில் கோளாறு என்று தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம். டெர்மினலில் ஏப்ளே கட்டளையை சிறிய எல் விருப்பத்தோடு (aplay -l) ஓட்டினால், கர்னல் பார்க்கும் ஒலிச் சாதனங்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் ஒலிச் சிப் (பெரும்பாலும் ரியல்டெக் நிறுவனத்தினது) அனலாக் என்ற பெயரோடு தெரிந்தால் கர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சம் பெரும்பாலும் ஒலியளவு, வழி மாற்றம் சம்பந்தப்பட்டது. எச்டிஎம்ஐ மட்டும் தெரிந்தால் டிரைவரோ ஃபர்ம்வேரோ (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) குறைகிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் பெரும்பாலும் அதே கதைதான். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

கார்டு தெரிந்தும் சத்தம் வராதவர்கள், டெர்மினலில் ஓடும் ஒலியளவுக் கருவியான அல்சாமிக்ஸரை (alsamixer) திறக்கவும். திறந்ததும் ஒற்றை ஒலியளவுக் கோடு மட்டும் தெரிந்தால் ஏமாற வேண்டாம், அது மேலடுக்கின் முகம். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்று தனித்தனிக் கோடுகள் வரும். அடியில் எம்எம் என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தினால் திறக்கும். ஆட்டோ மியூட் என்ற அமைப்பையும் பாருங்கள். ஹெட்ஃபோன் ஜாக்கில் தூசி சேர்ந்தோ தேய்ந்தோ போனால், எதுவும் சொருகாமலேயே சொருகியிருப்பதாக நினைத்து அது ஸ்பீக்கரை அணைத்துவிடும்.

விண்டோஸும் கூடவே இருந்தால் இன்னொரு சோதனை. விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வரும்போது மட்டும் சத்தம் போகிறதா? சில லேப்டாப்களில் விண்டோஸ் டிரைவர் ஒலிச் சிப்பை ஒரு குறிப்பிட்ட நிலையில் விட்டுவிட்டுப் போகும், லினக்ஸ் டிரைவரால் அதை எழுப்ப முடியாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அமைப்பை அணைத்துவிட்டு, முழுவதும் ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். அதிலேயே சரியானால் செலவு பூஜ்யம்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் "அல்சாவையும் பல்ஸ்ஆடியோவையும் அடியோடு நீக்கிவிட்டு மறுபடி நிறுவு" என்ற பழைய வைத்தியம் முதலில் வந்து நிற்கும். இன்றைய பைப்வயர் அமைப்பில் அதைச் செய்தால் இரண்டு சேவைகள் ஒரே சாதனத்துக்கு அடித்துக்கொள்ளும் நிலை வரலாம். நீக்கும்போது டெஸ்க்டாப்பின் தாய்த் தொகுப்பே கூடச் சேர்ந்து போய்விடுவதும் உண்டு. ஆம் என்று தட்டுவதற்கு முன் நீக்கப்படும் பட்டியலைப் படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்கள்.

மைக். உங்களுக்கு மைக் தேவையா, தேவையென்றால் எவ்வளவு தெளிவாக? வாரத்துக்கு ஒரு வீட்டு வீடியோ அழைப்புக்கும் தினமும் நான்கு மீட்டிங்குக்கும் பாட்காஸ்ட் பதிவுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

தாமதம். படம் பார்க்க இது கிட்டத்தட்டப் பொருட்டில்லை, பிளேயரே ஈடுகட்டிக்கொள்ளும். கீபோர்டு வாசித்துக்கொண்டே கேட்பவருக்கு இதுதான் எல்லாம்.

கர்னல் மாறினால் பிழைக்குமா. இன்று வேலை செய்வது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் வேலை செய்ய வேண்டும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் வருடக்கணக்கில் வலிப்பது இதுதான்.

உங்கள் நேரம். ஒரு ஞாயிறு மதியம் போனால் பரவாயில்லையா? மூன்று ஞாயிறு போனால்?

பணமும் போர்ட்டும். மெல்லிய லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி-சி இருந்து, அதில் ஒன்று சார்ஜருக்குப் போனால், மிச்சமிருக்கும் ஒன்று விலைமதிப்பற்றது.

ஒலித்தரத்தை இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. சத்தமே வராத நிலையில் நிற்பவருக்கு அது இரண்டாம் கேள்வி. சுமாரான இயர்போனில் கேட்பவருக்கு சிப்பின் வித்தியாசம் பெரும்பாலும் தெரியப்போவதும் இல்லை.

## வழி 1: உள்ளே இருப்பதையே சரிசெய்வது

இது ஒரே வழிபோலத் தோன்றினாலும் உண்மையில் நான்கு வெவ்வேறு வேலைகள். உங்களுடையது எது என்று தெரிந்தால்தான் இறங்கலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

பழைய, எளிய வகை. 2004இல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஆடியோ என்ற முறை. சுமார் 2018 வரை வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த வகை. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த, விண்டோஸோடு இந்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த லேப்டாப்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள். இதில் சிப்பின் எந்தப் பின் (இணைப்பு முனை) ஸ்பீக்கருக்குப் போகிறது, எது ஹெட்ஃபோனுக்குப் போகிறது என்பதை பயாஸ் சொல்ல வேண்டும். பயாஸ் தப்பாகச் சொன்னால், அந்த மாடலுக்கான திருத்தத்தைக் கர்னல் தன் பட்டியலில் வைத்திருக்கும். ரியல்டெக் சிப்களுக்கு மட்டும் அந்தப் பட்டியல் பல ஆயிரம் வரி; சூசே நிறுவனத்தின் டகாஷி இவாய் நெடுங்காலமாக அதைப் பராமரித்து வருகிறார். உங்கள் மாடல் பட்டியலில் இல்லையென்றால், எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் என்ற வரைகலைக் கருவியில் பின்களை நீங்களே மாற்றிப் பார்க்கலாம். ஒரு மாலை வேலை. நான் இதைத் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

ஃபர்ம்வேர் குறைவது. புதிய இன்டெல் லேப்டாப்களில் மூடியில் இருக்கும் டிஜிட்டல் மைக்குகள் ரியல்டெக் சிப்புக்குப் போவதில்லை. பிராசஸர் பக்கம் இருக்கும் தனி ஒலிச் செயலிக்கு நேராகப் போகின்றன. அதை ஓட்ட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப், வேண்டும். இது இல்லையென்றால் பெரும்பாலும் 'டம்மி அவுட்புட்' என்ற வரி வந்து நிற்கும். தொகுப்பு நிறுவியில் எஸ்ஓஎஃப் என்று தேடி அந்த ஃபர்ம்வேர் தொகுப்பைப் போட்டு ரீபூட் செய்தால் பலருக்கு முடிந்துவிடும். டெபியன் 12க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், கட்டற்றதல்லாத மென்பொருள் களஞ்சியத்தை முதலில் தாங்களே சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு குறுக்கு வழி பரவலாகச் சொல்லப்படுகிறது: இன்டெல் ஒலி டிரைவரின் டிஎஸ்பி அமைப்பை (dsp_driver) 1 என்று வைத்துப் பழைய டிரைவருக்குத் தள்ளிவிடுவது. செய்தால் பல லேப்டாப்களில் ஸ்பீக்கர் உடனே பேசும். ஆனால் டிஜிட்டல் மைக் காணாமல் போய்விடும். சத்தம் வந்த சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, மறுநாள் நேர்முகத் தேர்வு அழைப்பில் முழிப்பவர்கள் உண்டு. மைக் வேண்டாதவர்களுக்கு மட்டும் இது சரி.

ஏஎம்டி லேப்டாப்பில் மைக் மட்டும் இல்லாதது. ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் கச்சிதமாக வேலை செய்யும். உள் மைக் பட்டியலிலேயே இருக்காது. பல ரைசன் லேப்டாப்களில் மைக்குகளை இணைக்கும் டிரைவர், லேப்டாப்பின் மாடல் பெயரைத் தன் பட்டியலில் பார்த்த பிறகே மைக்கைத் திறக்கிறது. உங்கள் மாடல் அதில் ஏறவில்லையென்றால் மைக் இல்லை, அவ்வளவுதான். தீர்வு புதிய கர்னல். உபுண்டு 24.04 முதலில் 6.8 கர்னலோடு வந்தது, டெபியன் 12 6.1ஓடு, இரண்டிலும் முறையான வழியிலேயே அதைவிடப் புதிய கர்னல் போடலாம். புதியதிலும் உங்கள் மாடல் இல்லையென்றால் புகார் பதியுங்கள். ஒரு வரித் திருத்தம்தான், ஆனால் உங்கள் கைக்கு வந்து சேர மாதங்கள் ஆகலாம்.

ஸ்மார்ட் ஆம்ப். இதுதான் தலைவலி. ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்கும். ஸ்பீக்கரில் ஒன்றுமே வராது. அல்லது நான்கில் இரண்டு மட்டும் பேசி, பேஸ் இல்லாத தகர ஒலி வரும். விளையாட்டு லேப்டாப்களிலும் விலை கூடிய மெல்லிய மாடல்களிலும் ஸ்பீக்கருக்கு முன்னால் சிர்ரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஏஎஸ்2781 போன்ற தனி ஆம்ப்ளிஃபையர் சிப்கள் இருக்கின்றன. அவை வழக்கமான ஒலிச் சிப்போடு அல்லாமல் வேறொரு தடத்தில் தொங்குகின்றன. எத்தனை ஆம்ப், எது இடது எது வலது, ஸ்பீக்கரைக் காக்கும் அமைப்பு என்ன என்ற விவரங்களை பயாஸ் சொல்ல வேண்டும். பல மாடல்களில் பயாஸ் சொல்வதில்லை, அந்த அறிவு விண்டோஸ் டிரைவருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. போதாததற்கு மாடலுக்கு மாடல் மாறும் டியூனிங் கோப்புகளும் வேண்டும்.

இங்கே யாரோ எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டி ஆம்ப்பை வலுக்கட்டாயமாகத் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பு அமைப்பு இல்லாமல் முழு ஒலியளவில் ஓட்டினால் ஸ்பீக்கரே கெட்டுப்போகலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை: ஆப்பிள் மேக்குகளில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி குழு, ஸ்பீக்கர் சுருளின் வெப்பத்தைக் கணக்கிட்டு ஒலியைக் கட்டுப்படுத்தும் ஒரு தனி நிரலை எழுதி முடித்த பிறகுதான் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டது. இந்த வகை என்று தெரிந்தால் புதிய கர்னல், புதிய ஃபர்ம்வேர் தொகுப்பு, புதிய பயாஸ் மூன்றையும் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, அடுத்த வழிக்குப் போங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கலாம்.

*மறைந்திருக்கும் செலவு:* கர்னலுக்கு வெளியிலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டால், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் அது மறுபடி கட்டப்பட வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் அதில் கையொப்பமும் போட வேண்டும். ஏதோ ஒரு நாள் கட்டாமல் நிற்கும், அது பெரும்பாலும் உங்களுக்கு முக்கியமான மீட்டிங் இருக்கும் நாளாகவே அமையும்.

## வழி 2: சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு

பென்டிரைவ் அளவில், இரண்டு துளைகளோடு, ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள். இதன் பலம் ஒரே விஷயம்: யூஎஸ்பி ஆடியோ என்பது ஒரு பொதுத் தரம். அதைப் பின்பற்றும் எந்தச் சாதனத்தையும் கர்னலில் ஏற்கனவே இருக்கும் ஒரே டிரைவர் ஓட்டிவிடும். நிறுவ ஒன்றும் இல்லை. கர்னல் மாறினாலும், டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் பதிப்பு) மாறினாலும், நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்தாலும் வேலை செய்யும். பிழைத்திருக்கும் தன்மையில் இதை அடிக்க ஆளில்லை.

இன்னொரு பயன், இதைச் சோதனைக் கருவியாகவும் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொருகியும் சத்தம் வரவில்லையென்றால் உங்கள் பிரச்சினை சிப்பில் இல்லை, மேலடுக்கில் இருக்கிறது. வந்துவிட்டால் பைப்வயரைக் குடைவதை நிறுத்திவிட்டு டிரைவர் பக்கம் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நண்பர்களுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுப்பவர்கள் பையில் ஒன்று வைத்திருப்பது நல்லது.

குறைகளுக்கு வருவோம். மலிவானவற்றில் பெரும்பாலும் இருப்பது சி-மீடியாவின் சிஎம்108 வகைச் சிப் அல்லது அதன் நகல். மைக் உள்ளீடு மோனோ, 16 பிட். பேச்சுக்குப் போதும். ஆனால் சிலவற்றில் பின்னணியில் மெல்லிய இரைச்சல் இருக்கும்.

வாங்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, பிளக். மொபைலோடு வரும் இயர்போனில் மைக்கும் சேர்ந்து நான்கு தொடுமுனைகள் கொண்ட பிளக் இருக்கும். இரண்டு துளை கார்டில் அதைச் சொருகினால் கேட்கும், மைக் போகாது. இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் தனியாக வாங்க வேண்டும், அல்லது ஹெட்செட்டுக்கென்றே ஒற்றைத் துளை உள்ள கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். மைக் வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கி, மைக் வேலை செய்யாமல் நிற்பது இப்படித்தான்.

இரண்டு, யூஎஸ்பி-சி இணைப்பிகளில் உள்ள ஏமாற்று. சிலவற்றின் உள்ளே சிப்பே இருக்காது, வெறும் கம்பிதான். அனலாக் ஒலியை அந்தப் போர்ட் வழியே அனுப்பத் தெரிந்த சில மொபைல்களுக்கானவை அவை. லேப்டாப்பில் சொருகினால் எதுவும் நடக்காது. பெட்டியில் 'டிஏசி உள்ளது' என்று இருக்கிறதா பாருங்கள்; டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்தான் டிஏசி. ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் இணைப்பி உள்ளே சிப் உள்ளது, லினக்ஸில் சாதாரண யூஎஸ்பி ஆடியோவாகவே தெரியும். சத்தம் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் அல்சாமிக்ஸரில் அதன் சொந்த ஒலியளவை ஒருமுறை ஏற்றிவிடுங்கள்.

மைக் மட்டும்தான் பிரச்சினை என்றால் சவுண்ட் கார்டே வேண்டாம். யூஎஸ்பி வெப்கேம்களில் பெரும்பாலானவற்றில் மைக் உண்டு, அதுவும் இதே தரத்தில்தான் பேசும். வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால் முதலில் அதைச் சொருகிப் பாருங்கள்.

## வழி 3: புளூடூத்

கேட்பதற்கு மட்டும் என்றால், நல்ல வழி. பைப்வயர் வந்த பிறகு லினக்ஸில் புளூடூத் ஒலி நிஜமாகவே முன்னேறிவிட்டது. எல்டிஏசி, ஏபிடிஎக்ஸ் போன்ற உயர்தரக் கோடெக்குகளும் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள்) கிடைக்கின்றன. போர்ட் எதுவும் போகாது. லேப்டாப்பின் ஒலிச் சிப் செத்தே போயிருந்தாலும் கவலையில்லை.

பேச ஆரம்பித்ததும் கதை மாறும். வழக்கமான புளூடூத்தில் இரண்டு தனி முறைகள் உண்டு: ஒன்று நல்ல ஸ்டீரியோ, ஆனால் மைக் கிடையாது, மற்றொன்று மைக் உண்டு, ஆனால் அழைப்புத் தரம், மோனோ. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை. பிரவுசர் மைக்கைத் திறந்த நொடியில் ஹெட்செட் இரண்டாவது முறைக்குத் தாவும். எம்எஸ்பிசி கோடெக் இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸ், இல்லையென்றால் 8 கிலோஹெர்ட்ஸ். மேலே சொன்ன 'பழைய டெலிஃபோன்' புகாரின் காரணம் இதுதான். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை, லினக்ஸும் தப்பு செய்யவில்லை. விண்டோஸிலும் இதேதான் நடக்கும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைத் தீர்க்க வந்தது, ஆனால் லேப்டாப், ஹெட்செட், மென்பொருள் மூன்றும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சாதாரணமாக இதற்குச் சொல்லும் தீர்வு, 'ஹெட்செட்டில் கேள், லேப்டாப் மைக்கில் பேசு' என்பது. லேப்டாப் மைக்தான் வேலை செய்யவில்லை என்று வந்தவருக்கு இதனால் என்ன பயன்? அதனால்தான் மைக் போனவர்களுக்கு நான் புளூடூத்தைச் சொல்வதில்லை.

தாமதம் பொதுவாக 150 மில்லிவினாடிக்கு மேல். விளையாட்டில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வரும். இசைக்கருவி வாசிப்பது நடக்காத காரியம்.

*மறைந்திருக்கும் செலவுகள்:* டூயல் பூட் செய்பவர்கள், அதாவது ஒரே இயந்திரத்தில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், ஒவ்வொருமுறை மாறும்போதும் ஹெட்செட்டை மறுபடி இணைக்க (பேர் செய்ய) வேண்டி வரும். இரண்டு இயங்குதளமும் ஒரே அடாப்டர் முகவரியில், வெவ்வேறு சாவியோடு பேசுவதுதான் காரணம். டெஸ்க்டாப்புக்காகத் தனி புளூடூத் அடாப்டர் வாங்கினால், சிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தின் சிப்பைப்போல் செய்த போலிகள் சந்தையில் ஏராளம். கர்னலில் அவற்றுக்கென்றே விதிவிலக்கு எழுத வேண்டிய அளவுக்கு. யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் அடாப்டரைச் சொருகினால் சத்தம் விட்டுவிட்டு வரலாம், அதன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும்.

கம்பியில்லாமல் வேண்டும், மைக்கும் நன்றாக வேண்டும் என்றால், புளூடூத் அல்லாத, தனி யூஎஸ்பி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட் வாங்குங்கள். லினக்ஸுக்கு அது ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு. போர்ட் ஒன்று போகும், அவ்வளவே.

ஆர்கா போன்ற திரைவாசிப்பானை நம்பி வேலை செய்யும் பார்வையற்ற பயனர்களுக்கு புளூடூத்தைத் தவிர்க்கச் சொல்வேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று பேசும்போது பல ஹெட்செட்கள் முதல் அசையை விழுங்கிவிடும். லாகின் திரையில் ஹெட்செட் இணைந்திருக்கவும் இருக்காது. அவர்களுக்கு யூஎஸ்பி கார்டுதான் சரி.

## வழி 4: ஆடியோ இன்டர்ஃபேஸ்

பாட்காஸ்ட், பாட்டுப் பதிவு, ஆன்லைன் இசை வகுப்பு எடுப்பவர்களுக்கு. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும். பெரிய பிளக் உள்ள மைக், கிட்டார் எல்லாம் நேராக இணையும். கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டும் கொடுக்கும்.

வாங்கும்போது ஒரே விதி: யூஎஸ்பி ஆடியோ தரத்தைப் பின்பற்றுகிறதா? ஐபேடில் தனி டிரைவர் இல்லாமல் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தால் லினக்ஸிலும் பெரும்பாலும் ஓடும். பெஹ்ரிங்கரின் யூஎம்2, யூஎம்சி வரிசை இப்படி ஓடுபவை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசைக்கு இன்னும் ஒரு படி மேல்: ஜெஃப்ரி பென்னட் எழுதிய டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 6.7இலிருந்து இயல்பாகவே ஆனிலும் இருக்கிறது. அவரே எழுதிய வரைகலைச் செயலி மூலம் உள் மிக்ஸரையும் கட்டுப்படுத்தலாம். புது ஸ்கார்லெட் முதலில் பென்டிரைவ்போலத் தெரிந்தால் பதற வேண்டாம், அந்த நிலையை ஒருமுறை அணைத்துவிட்டால் போதும்.

தாமதத்தில் இங்கே நிஜமான லாபம் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸில் பைப்வயர் 1024 மாதிரிகளை ஒரு கட்டாக அனுப்பினால் 21 மில்லிவினாடி. 128ஆகக் குறைத்தால் 2.7. மலிவு கார்டுகள் இவ்வளவு கீழே போனால் கரகரக்கும். முன்புபோல் ஜாக் (JACK) என்ற, இசைப் பதிவுக்கான ஒலிச் சேவையைத் தனியாக ஓட்டி, பல்ஸ்ஆடியோவோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. அந்தச் சேவைக்காக எழுதிய செயலிகளை பைப்வயரே ஏற்றுக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு, சுற்றியுள்ளவை: மைக், ஸ்டாண்ட், கேபிள். இன்டர்ஃபேஸ் விலைக்குச் சமமாக அதுவும் வந்து நிற்கும். பல நிறுவனங்களின் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு விண்டோஸோ மேக்கோ தேவைப்படும். மீட்டிங்குக்கு மட்டும் என்றால் இது வீண்.

## வழி 5: எச்டிஎம்ஐ, மற்றும் டெஸ்க்டாப்காரர்களுக்கு

வெளி மானிட்டரிலோ டிவியிலோ ஸ்பீக்கர் இருந்தால், அல்லது ஹெட்ஃபோன் துளை இருந்தால், செலவே இல்லாமல் கேட்கலாம். ஒலிச் சிப் தெரியாத லேப்டாப்பிலும் எச்டிஎம்ஐ பெரும்பாலும் தெரியும். மைக் கிடையாது. மானிட்டர் தூங்கினால் சத்தமும் தூங்கும். ஒரே இடத்தில் வைத்துப் படம் பார்ப்பவருக்குப் போதும்.

டெஸ்க்டாப்பில் உள்ளே சொருகும் கார்டு போடலாமா என்றால், இப்போது நான் வேண்டாம் என்பேன். ஏசுஸ் ஜோனார் வரிசையில் பல கார்டுகள் லினக்ஸில் நன்றாக ஓடும், பழையது மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். புதிதாக வாங்குவதற்கு யூஎஸ்பியே நல்லது: இயந்திரம் மாறினாலும் கூட வரும்.

## ஒரே பார்வையில்

| வழி | கேட்பது | மைக் | தாமதம் | உங்கள் நேரம் | செலவு | கர்னல் மாறினால் |
|---|---|---|---|---|---|---|
| உள்ளே சரிசெய்வது: பழைய வகை | நன்று | நன்று | குறைவு | ஒரு மாலை | இல்லை | பிழைக்கும் |
| உள்ளே சரிசெய்வது: ஸ்மார்ட் ஆம்ப் | நிச்சயமில்லை | பெரும்பாலும் உண்டு | குறைவு | அளவில்லை | இல்லை | வெளி டிரைவர் என்றால் உடையலாம் |
| யூஎஸ்பி சவுண்ட் கார்டு | நன்று | போதுமானது, பிளக் பார்த்து | குறைவு | சில நிமிடம் | சில நூறு | பிழைக்கும் |
| புளூடூத் | மிக நன்று | சுமார் | அதிகம் | சில நிமிடம், அவ்வப்போது | ஹெட்செட் விலை | பொதுவாகப் பிழைக்கும் |
| ஆடியோ இன்டர்ஃபேஸ் | மிக நன்று | மிக நன்று | மிகக் குறைவு | ஒரு மாலை | சில ஆயிரம் முதல் | பிழைக்கும் |
| எச்டிஎம்ஐ | மானிட்டரைப் பொறுத்தது | இல்லை | குறைவு | சில நிமிடம் | இல்லை | பிழைக்கும் |

## யாருக்கு எது

கார்டு பட்டியலில் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்பவர் எதையும் வாங்க வேண்டாம். அல்சாமிக்ஸரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

'டம்மி அவுட்புட்', இன்டெல் லேப்டாப்: முதலில் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர், பிறகு புதிய கர்னல். இரண்டும் உதவவில்லையென்றால் யூஎஸ்பி கார்டு.

மைக் மட்டும் இல்லை, நாளைக்கே மீட்டிங்: யூஎஸ்பி ஹெட்செட் அல்லது வெப்கேம். நேரம் கிடைக்கும்போது கர்னலைப் பாருங்கள்.

ஸ்பீக்கர் மட்டும் ஊமை, ஹெட்ஃபோன் சரி: உங்களிடம் இருப்பது ஸ்மார்ட் ஆம்ப் லேப்டாப்பாக இருக்கலாம். ஹெட்ஃபோன் துளையில் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சொருகுங்கள், யூஎஸ்பி கார்டு கூடத் தேவையில்லை. இந்தச் சாதாரணத் தீர்வு ஏனோ பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இன்னும் லேப்டாப்பே வாங்காதவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். புதிய கர்னல் உள்ள ஒரு டிஸ்ட்ரோவை லைவ் யூஎஸ்பியில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பியனுப்பும் காலக்கெடு முடிவதற்குள், விண்டோஸை அழிக்காமல், வீட்டில் செய்யுங்கள். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடவிட்டு பேஸ் கேட்கிறதா என்று கவனியுங்கள். உள் மைக்கில் பத்து வினாடி பேசிப் பதிந்து திரும்பக் கேளுங்கள். ஹெட்ஃபோனைச் சொருகி எடுத்து, ஸ்பீக்கருக்கு ஒலி திரும்புகிறதா பாருங்கள். கடைசியாக மூடியை மூடி, தூங்க வைத்து, திறந்து, மறுபடி அதே பாட்டை ஓட்டுங்கள். அப்போது மட்டும் ஊமையாகும் லேப்டாப்களும் இருக்கின்றன.